காற்றைச் சேமித்து வைத்த வாத்தியார்

குட்டீஸ்... காற்றுக்கு யாராவது காசு கேட்பார்களா? மாட்டார்கள். அப்படியானால், காற்றாலையில் இருந்து வரும் மின்சாரமும் இலவசம்தானே என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல்! காற்று இலவசம், ஆனால், காற்றால் எரியும் விளக்கு இலவசம் இல்லை. இந்தச் சிக்கலோடு 17 வருடம் மல்லுக்கட்டிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

அவர் பெயர் போல் லா கூர். டென்மார்க் நாட்டுக்காரர். உலக வரைபடத்தை எடுத்து, ஜெர்மனிக்கு வடக்கே பாருங்கள். கடலுக்குள் கட்டை விரலை நீட்டியது போல ஒரு நிலம் தெரியும். அதுதான் ஜூட்லாந்து. அதன் கிழக்குக் கரையில் இருக்கும் எபெல்டாஃப்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒரு பண்ணை வீட்டில், 1846 ஏப்ரல் 13-ஆம் தேதி பிறந்தார் லா கூர்.

வயலும் மாடும் காற்றுமாக வளர்ந்த பையன், படிப்பில் இயற்பியலையும் வானிலை இயலையும் பிடித்துக்கொண்டான். பட்டம் பெற்றதும் ஐரோப்பாவின் சில நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். நெதர்லாந்தில், பைஸ் பாலட் என்ற பெரிய வானிலை அறிஞரிடம் பாடம் கற்றார். இந்த பைஸ் பாலட் கண்டு சொன்ன விதி ஒன்றை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பலமாகக் காற்று வீசும் நாளில், காற்று உங்கள் முதுகில் படும்படி திரும்பி நில்லுங்கள். காற்றழுத்தம் குறைந்த பகுதி உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். பூமியின் வட பாதியில் இருக்கும் நம் எல்லாருக்கும் இது பொருந்தும்.

1872-இல் டென்மார்க் வானிலை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதில் துணை இயக்குநர் பதவி லா கூருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26! கை நிறைய வேலை, தலை நிறைய யோசனை. அது தந்தி கொடிகட்டிப் பறந்த காலம். ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல தந்திகளை அனுப்ப முடியுமா என்று ஆராய்ந்தார். இசைக் கவைகளை நீங்கள் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். தட்டினால் 'ங்...' என்று ஒரே சுரத்தில் ஒலிக்குமே, அதுதான். ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு சுரம் என்று வைத்தால், கம்பியில் எல்லாம் கலந்து போனாலும், மறுமுனையில் பிரித்துவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் எலிஷா கிரேயும், டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அதே சமயத்தில் இதே பாதையில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியின்போதே, இசைக் கவையின் அதிர்வுக்குச் சரியாக ஒரே வேகத்தில் சுழலும் சக்கரம் ஒன்றையும் உருவாக்கினார் லா கூர். இவருக்கு 'டென்மார்க்கின் எடிசன்' என்ற பட்டப் பெயரே உண்டு.

இப்படிப்பட்டவர் என்ன செய்திருக்க வேண்டும்? தலைநகர் கோபன்ஹேகனிலேயே இருந்து, பேரும் பணமும் சேர்த்திருக்க வேண்டும். அவரோ 1878-இல் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஆஸ்கோவ் என்ற கிராமத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார்!

ஆஸ்கோவ் பள்ளிக்கூடம் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. அதை 'மக்கள் உயர்பள்ளி' என்பார்கள். குருண்ட்விக் என்ற டென்மார்க் அறிஞரின் எண்ணத்தில் பிறந்தவை இத்தகைய பள்ளிகள். பண்ணைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் அங்கே வந்து தங்கிப் படிப்பார்கள். வரலாறு, பாட்டு, அறிவியல் எல்லாம் உண்டு. பரீட்சை மட்டும் கிடையாது! (உடனே டென்மார்க்குக்கு டிக்கெட் கேட்காதீர்கள்.) 1864-இல் நடந்த போரில் டென்மார்க் தோற்று, தெற்கே பெரிய நிலப்பகுதியை இழந்தது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஒரு பள்ளியை, 1865-இல் இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்த இடம்தான் ஆஸ்கோவ்.

அங்கே கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தார் லா கூர். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்கிற ரகம் இல்லை அவர். ஒரு விஷயத்தை முதலில் யார் கண்டுபிடித்தார், எப்படித் தடுமாறினார், எப்படி வழி தெரிந்தது என்று கதை போலச் சொல்லிக்கொண்டு போவார். அப்படி அவர் எழுதிய கணக்குப் புத்தகமும் உண்டு. இயற்பியல் புத்தகமும் உண்டு. இயற்பியல் புத்தகத்தை அவரோடு சேர்ந்து எழுதிய யாகோப் ஆப்பெல் என்ற இளைய ஆசிரியர், பின்னாளில் டென்மார்க்கின் கல்வி அமைச்சரானார்.

சரி, காற்றுக்கு வருவோம்.

1880-களில் பெரிய நகரங்களில் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. தெருக்களில் வெளிச்சம், தொழிற்சாலைகளில் மோட்டார் ஓட்டம்! ஆனால் கிராமத்தில்? டென்மார்க்கில் மார்கழி மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு மாட்டுத் தொழுவத்துக்குப் போவதென்றாலும் கையில் மண்ணெண்ணெய் விளக்குதான். சுற்றிலும் வைக்கோல் இருக்கிற இடத்தில் நெருப்பு விளக்கு என்றால் எவ்வளவு பயம், யோசித்துப் பாருங்கள். வெளிச்சமும் வேலையும் நகரத்தில் இருந்தால், இளைஞர்கள் எங்கே போவார்கள்? நகரத்துக்குத்தான். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளின் ஊர்கள் இப்படி ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை லா கூருக்கு இருந்தது.

நகரத்தில் இருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அந்தக் காலத்து மின்நிலையங்கள் பெரும்பாலும் நேர் மின்சாரம் தந்தன. குறைந்த அழுத்தத்தில் வரும் அந்த மின்சாரம் நீளமான கம்பியில் போனால், வழியிலேயே சூடாகி வீணாகும். வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால், கம்பியைத் தடிமனாகப் போட வேண்டும். கம்பியோ செம்பு! பத்து மைல் தள்ளி இருக்கும் பண்ணையில் நாலு விளக்கு எரிவதற்காக, வண்டி வண்டியாகச் செம்பு வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? ஆகவே, கிராமத்துக்கு மின்சாரம் வேண்டுமென்றால் கிராமத்திலேயே தயாரிக்க வேண்டும்.

எதை எரித்துத் தயாரிப்பது? டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. கப்பலில் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். அருவியும் பெரிய ஆறும் கிடையாது. நாட்டின் மிக உயரமான இடமே கடல் மட்டத்தில் இருந்து 171 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால், கடலில் இருந்து வரும் காற்றுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. மாவு அரைக்கும் காற்றாலைகள் ஊருக்கு ஊர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன.

காற்றில் மின்சாரம் எடுப்பது லா கூரின் கண்டுபிடிப்பு இல்லை. 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளித் என்ற பேராசிரியர் சின்னக் காற்றாலை ஒன்றால் தன் வீட்டில் விளக்கு எரித்தார். அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் என்ற பணக்கார விஞ்ஞானி, கிளீவ்லாந்து நகரில் தன் மாளிகைக்குப் பின்னால் 144 மர இறக்கைகள் கொண்ட பிரமாண்டமான காற்றாலையைக் கட்டினார். கிடைத்த மின்சாரம் 12 கிலோவாட். பிரஷ்ஷிடம் பணம் இருந்தது, கட்டினார். சாதாரண விவசாயிகள் வாழும் ஒரு கிராமம் அப்படிக் கட்ட முடியுமா? லா கூரின் கேள்வி இதுதான். மின்சாரம் வருமா என்பதல்ல... ஏழைக் கிராமத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் வருமா?

1891-இல் அரசாங்கத்திடம் பண உதவி கேட்டு வாங்கி, ஆஸ்கோவில் தன் முதல் சோதனைக் காற்றாலையை எழுப்பினார். உடனே இரண்டு தொல்லைகள் வந்து நின்றன.

முதல் தொல்லை, காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. நீங்கள் பனை ஓலைக் காத்தாடி சுற்றியிருக்கிறீர்களா? ஓடினால் விர்ரென்று சுழலும், நின்றால் சோர்ந்துவிடும். காற்றாலையும் அப்படித்தான். அதுவும் காற்றின் கணக்கு பொல்லாதது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் இருக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது! வேகம் பாதியானால், சக்தி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இப்படிக் குதிக்கிற சக்தியை டைனமோவோடு இணைத்தால், விளக்கு ஒரு நிமிடம் கண்ணைக் கூசும்; மறு நிமிடம் மினுக்கும். மாவு அரைக்க இது பரவாயில்லை. படிக்க முடியுமா?

இதற்கு 'கிராட்டோஸ்டாட்' என்ற கருவியை அமைத்தார். கப்பிகள், பெல்ட், எடைக்கற்கள்... அவ்வளவுதான் அதில். காற்று எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்தாலும், டைனமோவுக்குப் போகும் இழுவிசை ஓர் அளவுக்கு மேல் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். பிற்பாடு அதையும் இன்னும் எளிமையாக்கினார். ஊர்க் கொல்லரே பழுது பார்க்கும்படி இருந்தால்தானே செலவு குறையும்!

இரண்டாவது தொல்லைதான் பெரியது. காற்று அடிக்காத நாளில் என்ன செய்வது? அடிக்கிற நாளில் கிடைப்பதைச் சேமித்து வைக்க வேண்டும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது போல, காற்றைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி வேண்டும். அன்றைய பேட்டரிகள் விலை அதிகம். எனவே, லா கூர் வேறு வழி தேடினார்.

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால், அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். (எட்டாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் அக்கா, அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இத்தாலியில் கருட்டி என்ற பேராசிரியர் இதை நன்றாகச் செய்யும் கருவி ஒன்றை அமைத்திருந்தார். அந்த முறையை லா கூர் எடுத்துக்கொண்டார். காற்று அடிக்கும்போது தண்ணீரைப் பிரிப்பது. வாயுக்களைத் தொட்டிகளில் அடைத்து வைப்பது. இருட்டியதும் அவற்றை விளக்கில் எரிப்பது. இதுதான் திட்டம். காற்று, வாயுவாக மாறித் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது!

1895 முதல் 1902 வரை ஆஸ்கோவ் பள்ளிக்கூடத்தில் இந்த விளக்குகள்தான் எரிந்தன. ஆனால், ஹைட்ரஜன் சாதுவான வாயு இல்லை. அதில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டாலும் போதும், நெருப்பு பட்டால் வெடிக்கும். அப்படி வெடித்து, பள்ளிக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு முறை அல்ல, பல முறை நொறுங்கின. ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது. பரீட்சையும் இல்லாமல், கண்ணாடியும் உடைகிற பள்ளிக்கூடம்... மாணவர்களுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்!

வெடித்ததற்காக அவர் நிறுத்திவிடவில்லை. 1897-இல் அரசு உதவியோடு இன்னும் பெரிய சோதனை ஆலை வந்தது. இந்தச் சமயத்தில்தான் லா கூர் தம் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான வேலையைச் செய்தார் என்பது என் எண்ணம். மாதிரி இறக்கைகளைச் சின்னதாகச் செய்தார். குழாய் போன்ற கூண்டுக்குள் காற்றைச் செலுத்தி, அதன் முன்னால் அவற்றை வைத்து, எந்த வடிவத்துக்கு எவ்வளவு விசை கிடைக்கிறது என்று அளந்தார். இதைக் காற்றுச் சுரங்கம் என்பார்கள். இன்று விமானத்துக்கும் காருக்கும் இப்படித்தான் சோதனை செய்கிறார்கள். உலகில் இதை முதன்முதலில் செய்தவர்களில் ஒருவர், இந்தக் கிராமத்து வாத்தியார்.

அளந்ததில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. காற்று இறக்கையை முன்னால் இருந்து தள்ளுவது மட்டும் இல்லை. இறக்கையின் பின்பக்கத்தில் உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது! இறக்கைகள் அதிகமாக இருந்தால் அதிகச் சக்தி கிடைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். பிரஷ்ஷின் 144 இறக்கை ஞாபகம் இருக்கிறதா? அது தப்பு என்று தெரிந்தது. மின்சாரம் எடுப்பதற்கு, வேகமாகச் சுழலும் சில இறக்கைகளே போதும். நான்கே இறக்கை கொண்ட ஆலையை அவர் சிபாரிசு செய்தார். இறக்கை குறைந்தால் மரம் குறையும், எடை குறையும், கூலி குறையும். இங்கேயும் கிராமத்தின் பணம் மிச்சம்! இந்த முடிவுகளை எல்லாம் 'சோதனை ஆலை' என்ற பெயரில், 1900-லும் 1903-லும் புத்தகங்களாக வெளியிட்டார்.

1902-இல் ஆஸ்கோவில் ஹைட்ரஜனுக்கு விடை கொடுத்து, பேட்டரிகளை வைத்தார்கள். ஏழு வருடம் பாடுபட்டு வளர்த்த யோசனையை விட மனசு வருமா? லா கூருக்கு வந்தது. பேட்டரியில் இருந்து மின்சாரத்தை நேராக வீடுகளுக்கு அனுப்பலாம். விளக்கும் எரியும், மோட்டாரும் ஓடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இருந்த வெளிச்சம், ஆஸ்கோவ் ஊருக்கே கிடைத்தது.

பேட்டரியிலும் ஒரு குறும்பு உண்டு. காற்று நின்றால், பேட்டரியில் இருக்கும் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் ஓடி, வீணாகிவிடும். இதைத் தடுக்க ஆளைக் காவல் வைத்தால், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அதற்காக, தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஓர் எளிய சாவியை அமைத்தார் லா கூர். உங்கள் சைக்கிள் டியூபில் இருக்கும் வால்வு என்ன செய்கிறது? காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அந்த வேலையைத்தான் இந்தச் சாவி மின்சாரத்துக்குச் செய்தது. நாள் கணக்கில் காற்றே இல்லாவிட்டால்? அதற்கு ஓரமாக ஒரு சின்ன எண்ணெய் எஞ்சின். எப்போதாவது ஓடினால் போதும் என்பதால், எண்ணெய்ச் செலவு கொஞ்சம்தான்.

கருவி ஆயிற்று. இனி, கட்டுவது யார், பழுது பார்ப்பது யார், பணம் போடுவது யார்?

1903-இல் 'டென்மார்க் காற்று மின்சாரச் சங்கம்' தொடங்கப்பட்டது. கிராமங்களில் சின்னச் சின்ன மின்நிலையங்கள் அமைக்க அது ஆலோசனை சொன்னது. மக்கள் ஒன்றுகூடிப் பங்கு போடுவது டென்மார்க் கிராமங்களுக்குப் புதிதும் இல்லை. 1882-லேயே கூட்டுறவுப் பால் பண்ணை அங்கே பிறந்துவிட்டது. பாலுக்குப் பங்கு போட்டவர்கள், வெளிச்சத்துக்கும் பங்கு போட்டார்கள். 1904-இல் லா கூர், கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணிப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். கம்பி இழுக்க, பேட்டரி பராமரிக்க, ஆலையைப் பழுது பார்க்க எல்லாம் கற்றுக்கொண்டு, அவர்கள் தங்கள் பக்கத்து ஊர்களுக்கே திரும்பினார்கள். காற்று மின்சாரத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் வெளிவந்தது.

இது ஏன் அவ்வளவு முக்கியம் தெரியுமா? தூரத்துக் கிராமத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால், நகரத்தில் இருந்து ஆள் வரும்வரை அது வெறும் இரும்புதான். பத்து ரூபாய் திருகாணிக்கு, நூறு ரூபாய் பயணச் செலவு! பழுது பார்க்கத் தெரிந்த பையன் ஊரிலேயே இருந்தால், அந்த ஆலை பிழைத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பென்சிலை எடுங்கள். இது நாமாகப் போடும் கணக்கு. உண்மை விலை இல்லை. ஒரு கிராமம் எண்ணெய் எஞ்சின் வாங்கினால், 1 லட்ச ரூபாய். மாதம் 2,000 ரூபாய்க்கு எண்ணெய் வாங்க வேண்டும். காற்றாலையும் பேட்டரியும் வாங்கினால், 3 லட்ச ரூபாய். எண்ணெய்ச் செலவு இல்லை. முதலில் கூடுதலாகக் கொடுத்த 2 லட்சம், எத்தனை மாதத்தில் திரும்பக் கிடைக்கும்? 100 மாதம்! அதாவது, எட்டு வருடம் நான்கு மாதம். எண்ணெய் விலை இரண்டு மடங்கானால்? 50 மாதமே போதும். எண்ணெய் விலை பாதியாகிவிட்டால்? 200 மாதம், கிட்டத்தட்ட 17 வருடம்! அதற்குள் ஆலையே கிழடாகிவிடும். பழுது பார்க்கும் செலவையும் கடனுக்கு வட்டியையும் நாம் சேர்க்கவே இல்லை. காற்றாலைக்குச் செலவு எல்லாம் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. எஞ்சினுக்கோ மாதாமாதம் வருகிறது. எது லாபம் என்பதை, ஊரில் அடிக்கிற காற்று பாதி முடிவு செய்கிறது என்றால், எங்கோ விற்கிற எண்ணெயின் விலை மீதிப் பாதியை முடிவு செய்கிறது.

டென்மார்க்கில் இது அப்படியே நடந்தது. ஆனால், லா கூர் அதைப் பார்க்கவில்லை. 1908 ஏப்ரல் 24-ஆம் தேதி, 62 வயதில், ஆஸ்கோவிலேயே அவர் காலமானார். அவருடைய மகன் டான் லா கூர், பிற்காலத்தில் டென்மார்க் வானிலை நிலையத்தின் இயக்குநரானார். அப்பா விட்டுவிட்டு வந்த அதே நிலையம்தான்!

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வருவது குறைந்தது, விலை ஏறியது. நகரங்கள் திணறின. காற்றாலை வைத்திருந்த கிராமங்கள் சமாளித்தன. 1918-இல் டென்மார்க்கில் சுமார் 120 கிராம மின்நிலையங்களில் காற்றாலைகள் சுழன்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 20 முதல் 35 கிலோவாட். நாட்டின் மொத்த மின்சாரத்தில் சுமார் 3 சதவீதம் அவற்றில் இருந்து வந்தது. 3 சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்தக் கிராமங்களுக்கு அது நூறு சதவீத வெளிச்சம்!

போர் முடிந்து எண்ணெய் மலிந்ததும், நம் கணக்கில் 200 மாதம் வந்ததே, அந்தக் கதைதான். காற்றாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தூரத்தில் இருந்து மின்சாரம் கொண்டுவரும் மாறுதிசை மின்கம்பிகளும் ஊருக்குள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, மறுபடியும் ஆலைகளைத் தூசு தட்டினார்கள்.

1904-ஆம் ஆண்டு பயிற்சி வகுப்பில் யோகன்னஸ் யூல் என்ற பதின்ம வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். வாத்தியார் சொன்னதை அவன் மறக்கவே இல்லை. வளர்ந்து மின்துறையில் வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு, 1957-இல் டென்மார்க்கின் தென்கோடியில் கெட்சர் என்ற இடத்தில், 200 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார் யூல். அதற்கு மூன்றே இறக்கைகள். 1967 வரை, பெரிய கோளாறு இல்லாமல் ஓடியது. 1973-இல் உலகம் முழுவதும் எண்ணெய் விலை எகிறியபோது, எல்லாரும் திரும்பிப் பார்த்தது இந்த ஆலையைத்தான். அடுத்து வந்த டென்மார்க் காற்றாலைகள் எல்லாம் இதன் வாரிசுகள். டென்மார்க் அரசின் உதவியோடு, 1990-ஐ ஒட்டி நம் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வந்தன. திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியே வரிசை வரிசையாக மூன்று இறக்கை ஆலைகளைப் பார்க்கலாம்.

லா கூர் பிறந்த எபெல்டாஃப்டில் இருந்து கடலில் கொஞ்சம் தெற்கே போனால், சாம்சோ என்று ஒரு தீவு வரும். சுமார் 4,000 பேர் வாழும் விவசாயத் தீவு. 1997-இல், பத்து வருடத்துக்குள் தங்களுக்கு வேண்டிய சக்தியை இயற்கையில் இருந்தே எடுப்பது என்று அந்தத் தீவு ஒரு திட்டத்தில் இறங்கியது. 2000-இல், கரையில் 11 காற்றாலைகள் நின்றன. அடுத்த சில வருடங்களில், கடலுக்குள் இன்னும் 10! விவசாயிகளும் ஊர்க்காரர்களும் பங்கு வாங்கினார்கள்; கடன் எடுத்தார்கள்; மின்சாரம் விற்ற காசில் அடைத்தார்கள். காற்று நன்றாக அடிக்கும் நாளில், மிச்ச மின்சாரம் கடலடிக் கம்பி வழியாக ஜூட்லாந்துக்குப் போகிறது. காற்று நின்ற நாளில், அதே கம்பி வழியாக அங்கிருந்து வருகிறது. லா கூர் ஹைட்ரஜன் தொட்டி வைத்துச் செய்த வேலையை, சாம்சோவில் அந்தக் கம்பி செய்கிறது.

2023-இல் டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றில் இருந்து வந்தது. மிச்சக் காற்றை என்ன செய்வது என்ற பழைய கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்தால் என்ன என்று, டென்மார்க்கிலும் இந்தியாவிலும் இப்போது பெரிய பெரிய திட்டங்கள் போடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிய ஆஸ்கோவில், லா கூரின் சோதனை ஆலை இருந்த இடம் இன்று அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம்.